தம்பி தொடாத தண்ணீர் கேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி மழை தொடங்கிய வாரத்தில், பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் குப்பத்தில் ஆரம்பித்தது இது.

ஏரியில் இறால் நன்றாகப் படும் இடங்களை நாங்கள் முறைவைத்துப் பிரித்துக்கொள்வோம். இன்று இவர்கள், நாளை அவர்கள். அதற்குப் பாடு என்று பெயர். யாருக்கு எந்த நாள் என்று எழுதும் நோட்டு என்னிடம் இருக்கும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்த நாள், திறந்த நாள், முதல் மடவை மீன் கிடைத்த நாள் எல்லாம் அதில் உண்டு. கையில் கிடைப்பதையெல்லாம் படிப்பவன் என்பதால் ஊரில் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு.

என் தம்பிக்கு அந்த வருடம் முழுக்க வயிற்றுவலி, பேதி. ஆள் பாதியாகிவிட்டான். ஸ்கேன் எடுத்ததில் வயிற்றுக்குள் நெறி கட்டியிருந்தது. காசநோயாக இருக்கலாம் என்று மாத்திரை ஆரம்பித்தார்கள். அவனையும் சேர்த்து நாங்கள் நான்கு பேர் ஒரே படகு. குடிக்க ஒரே கேன், ஒரே டம்ளர். நான் படித்த அரைகுறையை நம்பி ஊர்க் கூட்டத்தில் எழுந்தேன்.

"ஒட்டிக்கிற நோவு. அவன் கொஞ்ச நாளு கரையிலயே இருக்கட்டும்."

அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நோட்டில் அவன் பெயரை நானே அடித்தேன்.

அவன் சண்டை போடவில்லை. "இன்னாண்ணா, எத்தினி வாட்டி வெளிக்கிப் போனேன்னும் அதுலயே எழுதிக்கோ" என்றான். நிஜமாகவே எழுதினேன். எங்கள் பாடு நாட்களில் முழங்கால் தண்ணீரில் வந்து நிற்பான். படகு புள்ளியாகும்வரை அங்கேயே நிற்பான்.

மாத்திரைகள் முடிந்தும் வலி போகவில்லை. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்த டாக்டரம்மா என் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். குடலுக்குள் கேமரா விட்டு, சதை எடுத்துப் பரிசோதித்துவிட்டு, இது காசநோய் இல்லை, கிரோன் என்னும் குடல் அழற்சி நோய் என்றார். குடலில் ரத்தக் குழாய்களைப் போலவே மெல்லிய நிணநீர்க் குழாய்களும் இருக்கின்றனவாம். புண்ணான இடத்தில் சேரும் நீரையும் நோயெதிர்ப்பு அணுக்களையும் வடித்து நெறிகளுக்குக் கொண்டுபோவது அவற்றின் வேலை. சரியாக வடியாவிட்டால் வீக்கம் உள்ளேயே தங்கிவிடும்.

தம்பி சட்டென்று கேட்டான்: "எங்க முகத்துவாரம் மாதிரி சொல்றீங்கோ. மண்ணு அடைச்சதால ஓட்டம் நின்னுச்சா, ஓட்டம் நின்னதால மண்ணு அடைச்சுதா மேடம்?"

அவர் சிரித்துவிட்டார். "அதைத்தாங்க நாங்களும் இன்னும் தேடிட்டிருக்கோம்."

நான் தயங்கித் தயங்கி, ஒரே டம்ளரில் குடித்தால் இது ஒட்டுமா என்று கேட்டேன்.

"ஒட்டாது. நெஞ்சுல இல்லாம வயித்துல மட்டும் இருக்கிற காசநோய்கூட டம்ளர் மூலமா ஒட்டாதுங்க."

தம்பி என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஊர்க் கூட்டத்தில் தப்பு என்னுடையது என்று எல்லோர் முன்பும் சொன்னேன். அவன் பெயரை மறுபடி எழுதினேன். இப்போது ஊசி போட்டுக்கொள்கிறான், உடம்பு தேறியிருக்கிறது. சில வாரம் வலி வரும், போகும். பாடு நாளில் எனக்கு முன்பாகவே படகில் இருப்பான். பழையபடி என்னைக் கிண்டலும் செய்கிறான்.

ஆனால் வலை கட்டி முடித்துக் கேன் கைமாறும்போது மட்டும், தன் பையிலிருந்து தனி பாட்டிலை எடுக்கிறான். "பரவால்லண்ணா, நீ குடி" என்கிறான். கோபமே இல்லாத குரல். கோபம் இருந்திருந்தால் தேவலை.

அவன் படகுக்குத் திரும்பிய நாள் நோட்டில் இருக்கிறது; அதற்குக் கீழே, அவன் எங்கள் டம்ளரில் குடிக்கும் நாளுக்காக ஒரு வரியைக் காலியாக விட்டுவிட்டு, ஒவ்வொரு பாடு நாளிலும் முதல் டம்ளரை அவனிடம்தான் நீட்டுகிறேன்.