கரோலின் எழுதிக்கொடுத்த காரணம்

வெளிநாட்டில் உளவியல் படிக்க எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று கோயம்புத்தூரில் யாரைக் கேட்டாலும், காந்திபுரத்தில் டேவிட்சன் நடத்தும் ஆலோசனை மையத்துக்குப் போய் கரோலினைப் பாருங்கள் என்பார்கள். எங்கே குளிர் அதிகம், எந்தப் பேராசிரியர் மெயிலுக்குப் பதில் போடுவார், எல்லாம் அவளுக்கு விரல் நுனியில். பதினோரு வருடமாக ஊரார் பிள்ளைகளைப் பிளேன் ஏற்றிவிடுகிறவள், தான் பாலக்காட்டைத் தாண்டியதில்லை.

விண்ணப்பத்தோடு ஒரு கடிதம் வைக்க வேண்டும். ஏன் இந்தப் படிப்பு என்று பிள்ளையே சொந்தமாக எழுத வேண்டுமாம். எந்தப் பிள்ளை எழுதியது? எல்லாம் கரோலின் எழுதியதுதான்.

தனக்கென்றும் ஒரு பல்கலைக்கழகத்தை அவள் தேர்ந்து வைத்திருந்தாள். ஸ்காட்லாந்தில், துக்கத்தில் பேச்சு நின்றுபோனவர்களைப் பற்றிய படிப்பு. அவளிடம் சொந்தக் காரணமும் இருந்தது. வால்பாறையில் தேயிலை லாரி கவிழ்ந்து அப்பா இறந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது. அன்றோடு அம்மா சூசைமேரி பேச்சை நிறுத்தினாள். கொழுந்து பறிக்கப் போவாள், சமைப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். கேள்வியும் கேட்டு, அம்மாவின் பதிலையும் தானே சொல்லிக்கொண்டு ஒரு வருடம் ஓட்டினாள் கரோலின். பிறகு ஒரு மத்தியானம், மகள் வைத்த ரசத்தை வாயில் ஊற்றிப் பார்த்து, "உப்பு பத்தல" என்றாள் அம்மா. கரோலின் அழுத அழுகை எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்கக் கேட்டது.

தம்பி படிப்பு, அம்மா ஆபரேஷன் என்று அவள் பயணம் தள்ளிக்கொண்டே போனது. இரண்டு வருடம் முன்பு தேஜா வந்தாள். வேறொரு தேயிலை எஸ்டேட்டின் முதலாளி வரதராஜுலுவின் மகள். அவளுக்கும் அதே பல்கலைக்கழகம்தான் வேண்டுமாம்.

"ஏன் கண்ணு சைக்காலஜி?"

"சும்மாதானுங்க்கா. எனக்கு ஆளுங்கள புடிக்கும்."

இதை வைத்துக்கொண்டு எதை எழுதுவது? டேவிட்சன் மேசைக்கே வந்து நின்றார். "அம்மணி, நாளைக்குக் கடைசி நாளுங்க. எதையாவது எழுதிப்போடுங்க."

எழுதிப்போட்டாள். லாரி, மௌனம், ரசம் எல்லாம் அப்படியே. அம்மா மட்டும் தேஜா வீட்டு எஸ்டேட் கூலிப்பெண் ஆனாள். அடுப்பே பற்றவைத்தறியாத தேஜா ரசம் வைத்துக் கொடுத்தவள் ஆனாள். எழுதும்போது கை கூசியது. அதைவிட நன்றாகத் தான் எதையும் எழுதியதில்லை என்ற கர்வமும் இருந்தது. நாசமாய்ப் போன கர்வம். தேஜாவுக்கு இடம் கிடைத்து, அலுவலகத்துக்கு மைசூர்பா வந்தது.

இந்த வருடம் கரோலின் தனக்காகவே விண்ணப்பித்தாள். பழைய கடிதத்திலிருந்து ஒரு வரிகூட எடுக்கவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதானே, ரசத்தைச் சாம்பார் என்றா மாற்ற முடியும்?

மூன்றாம் வாரம் பதில் வந்தது. இந்தச் சம்பவம் எங்கள் மாணவி ஒருவர் முன்பே எழுதியது. அடுத்தவர் வாழ்க்கையைத் தன்னுடையதாகக் காட்டுபவருக்கு இங்கே இடமில்லை.

தேஜாவுக்குப் போன் போட்டாள். "அது எங்கம்மா கதைன்னு ஒரு மெயில் போட்டாப் போதும் கண்ணு."

"என்னையத் திருப்பி அனுப்பிப்போடுவாங்களேங்க்கா. என் ஆராய்ச்சியே அதை வெச்சுத்தானுங்க."

அவள் சொன்னதில் பொய்யில்லை. கரோலின் போனை வைத்துவிட்டாள்.

போத்தனூர் வீட்டில் சூசைமேரி சோறு போட்டபடி கேட்டாள். "லெட்டர் வந்துச்சா?"

"வந்துச்சும்மா."

"என்ன சொல்றாங்க?"

"உன் கதை அவங்களுக்கு ஏற்கெனவே தெரியுமாம்."

சூசைமேரிக்கு முகமெல்லாம் பூரிப்பு. "அவ்வளவு தூரத்துல என்னையத் தெரியுமா? அப்ப உனக்கு எடம் நிச்சயந்தான?"

கரோலின் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். எப்பக் கிளம்பணும் என்று அம்மாவே கேட்டு, ஆவணிக்குள்ள போயிரலாம் என்று பதிலையும் அம்மாவே சொல்லிக்கொண்டிருந்தாள்.