செல்வி ஓடிய அரை மணி நேரம்

நானும் செல்வியும் ஆம்பூரில் ஒரே கோச்சிடம் மல்யுத்தம் பழகியவர்கள். அவள் தேசிய சாம்பியன் ஆனாள். இன்று மல்யுத்த சங்கத்தின் செயலாளர். நான் கல்யாணமாகி, ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பேப்பரில் அவள் போட்டோ வந்தால் பக்கத்தைத் திருப்பிவிடுவேன்.

போன மாதம் வாணியம்பாடியில் தேர்வுப் போட்டி. செல்விதான் நடத்தினாள். அதில் மோத வந்த என் மகள் தீபா எடை மெஷினில் ஏறினாள். அவள் எடைப் பிரிவுக்குக் கொஞ்சம் அதிகம். வெட்கத்தை விட்டு செல்வியிடம் போனேன்.

"கொஞ்சம்தான்டி ஜாஸ்தி. கண்டுக்காம வுட்டுடேன்."

"அது முடியாதுடி. எடை பார்த்து முடிக்க இன்னும் அரை மணி நேரம் இருக்குது."

பதவித் திமிர் என்று மனசுக்குள் திட்டினேன். செல்வியோ செருப்பைக் கழற்றிப் போட்டாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"வா கண்ணு, வேர்க்க வேர்க்க ஓடலாம்" என்று தீபாவோடு வெயிலில் மைதானத்தைச் சுற்ற ஆரம்பித்தாள்.

மறுபடி ஏறியபோது எடை சரியாக இருந்தது. தீபா குதித்திறங்கி செல்வியைக் கட்டிக்கொண்டாள். செல்வி மெடல் வாங்கியபோதெல்லாம்கூட என் வயிறு அப்படி எரிந்ததில்லை.

அந்த அரை மணி நேரமும் நான் அவளுடைய செருப்புக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தேன். நானும் கூட ஓடியிருக்கலாம். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.