லாட ஆணியும் என் தாடையும்

ஊசி மருந்து ஒருமுறை உள்ளே போய்விட்டால் கட்டை வேகும்வரை உடம்பிலேயே இருக்கும் என்று நம்பியவன் நான். ஆதாரமும் கையிலேயே இருந்தது: சின்ன வயதில் அம்மை குத்திய தழும்பு. அது அழியவில்லையே, மருந்து மட்டும் எங்கே போகும்?

அதனால்தான், என் மனைவிக்கு இரண்டாவது பிரசவத்துக்கு முன்பும் ரண ஜன்னிக்கான டெட்டனஸ் ஊசி போட்டபோது, "மொத புள்ளைக்குப் போட்டது இன்னா ஆச்சி, ஆத்துல கரைச்சிட்டியா?" என்று கேலி செய்தேன்.

எண்பதுகளில் ஒரு கரும்பு வெட்டு நேரம். வண்டி மாட்டின் குளம்பிலிருந்து கழன்று கிடந்த லாட ஆணி, ரப்பர் செருப்பைத் துளைத்து என் உள்ளங்காலில் ஏறியது. வீட்டில் மனைவி சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, "வாங்க, ஊசி போட்டுக்கினு வந்துடலாம்" என்றாள்.

"எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே போட்டாச்சி."

"நம்ம பெரியவனே பள்ளிக்கூடம் முடிக்கப் போறான். அதுக்கும் முன்னாடி போட்டதா?"

வீராப்பாகக் கரும்புக் கொல்லைக்குத் திரும்பினேன். வண்டிக்காரர் என் காலைப் பார்த்தார். "பாத்துக்கப்பா. ஜன்னி வந்தா மொதல்ல வாய்தான் பூட்டிக்கும்."

அவ்வளவுதான். ஒவ்வொரு கட்டு தூக்கும்போதும் 'ஆ'வென்று வாயைத் திறந்து பார்த்தேன். திறந்தது. மூடினால் சந்தேகம், மறுபடியும் திறந்தேன். மதியம் தாண்டியதும் தாடை வலித்தது. வீட்டுக்கு ஓடினேன்.

"அடியே, பூட்டிக்கிச்சிடி!"

"பூட்டிக்கின வாயில இவ்ளோ சத்தமா? கெளம்புங்க."

வில்லியனூர் போகும்வரை டவுன் பஸ்ஸிலும் திறந்து திறந்து மூடினேன். "இன்னாண்ணே, ராத்திரி தூங்கலியா?" என்றார் கண்டக்டர்.

சுகாதார நிலையத்தில் சட்டைக் கையைச் சுருட்டித் தழும்பைக் காட்டினேன். "இது பெரியம்மைக்கு" என்றார் டாக்டரம்மா. "ரண ஜன்னிக்குப் போட்டது வருஷம் போகப் போக பலம் கொறைஞ்சிடும். காயமும் அழுக்குக் காயம். இன்னொண்ணு போட்டாத்தான் உடம்பு பழசை ஞாபகப்படுத்திக்கும்."

"ரெண்டு கையிலயும் போடுங்கம்மா" என்றாள் என் மனைவி. "இவருக்குப் பயம் ஜாஸ்தி."

என்னோடு வாதாடி நேரத்தைக் கழிக்காமல் பஸ் ஏற்றினாளே, அதற்காக அவளை இன்றைக்கும் மனதுக்குள் கும்பிடுகிறேன். நேரில் கும்பிட்டால் அதையே பிடித்துக்கொண்டு சொல்லிக்காட்டுவாள்.

ஊசி போட்ட கை இரண்டு நாள் வலித்தது. கால் ஆறியது. ஜன்னி வரவே இல்லை. தாடை வலித்தது, நாளெல்லாம் வாயைத் திறந்து திறந்து பார்த்ததால்.