அத்தானின் சட்டைகள்

எங்கள் சபையின் பெண்கள் சங்கம் வருஷத்துக்கு ஒரு முறை, தஞ்சாவூர் சர்ச் ஹாலில் ஒட்டுத்துணிப் போர்வைக் கண்காட்சி நடத்தும். வருகிறவர்கள் கைவேலையை ரசிக்க வருகிறார்கள் என்று நினைத்தால் நீங்கள் வெள்ளந்தி. போர்வைக்கான துணியெல்லாம் சபைக் குடும்பங்கள் மூட்டை கட்டிக் கொடுத்த பழைய துணி. ஆகவே எல்லோரும் தேடுவது தங்கள் துணியைத்தான். “ஐயோ, இது எங்க சின்னவளோட ஞானஸ்நானக் கவுன்!” என்று ஒருத்தி கூவினால், பக்கத்தில் இருப்பவளும் தன் பங்குக்குத் துழாவ ஆரம்பிப்பாள். அடுத்த வீட்டுத் துணியையும் விட மாட்டார்கள். பிள்ளை சிங்கப்பூரில் கொழிக்கிறான் என்று அளக்கும் வீட்டிலிருந்து ஒரு ஃபாரின் துண்டாவது வந்திருக்கிறதா என்று கண்ணால் அலசுவார்கள். நானும் அலசுவேன், பொய் சொல்வானேன்.

அந்த வருஷம் மட்டும் நான் எதையும் பார்க்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹாலின் கடைசிக் கொடியில் என் அக்காவின் போர்வை தொங்கியது. முழுக்க முழுக்க அத்தானின் சட்டைகள். அத்தான் துபாய்க்குப் போனவர். முதல் வருஷம் கடிதம் வந்தது, பிறகு நின்றுபோனது. கம்பெனியில் விசாரித்தால், வேலையை விட்டுப் போய்விட்டார், எங்கே என்று தெரியாது என்றார்கள். இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாமல் அக்கா வருஷக்கணக்காகப் பள்ளிக்கூடம் போய்ப் பாடம் நடத்தி, மாமியாருக்கும் சமைத்துப்போட்டுக்கொண்டிருந்தாள்.

டிரங்குப் பெட்டியில் அவர் விட்டுப்போன சட்டைகளைப் பூச்சி அரிக்க ஆரம்பித்ததும், என் வீட்டுக்குக் கொண்டுவந்து என் மிஷினில் தைத்தாள்.

“உயிரோட இருக்கிறவங்க துணியில கத்திரி வைக்கலாமாக்கா?” என்றேன். எங்கள் பக்கம் அப்படிச் செய்வதில்லை. ஆள் போன பிறகுதான் அவர் துணி வெட்டுப்படும்.

“பூச்சி தின்னா மட்டும் பரவாயில்லையா? வந்தா போத்திக்கட்டும்” என்றாள்.

அது வீட்டோடு இருந்திருக்கலாம். கண்காட்சிக்குப் போர்வை குறைகிறது என்று என் வீட்டுக்கு வந்த ஐயரம்மா, எங்கள் குருவானவரின் மனைவி, அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார். அக்காவுக்கு மறுக்க வாய் வரவில்லை. அக்காவின் மாமியார், நானும் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், முழங்கால் வலி என்று கண்காட்சிக்கு வர மாட்டேனென்று சொல்லியிருந்தார். அந்தத் தைரியம்தான்.

பதினொரு மணிவாக்கில் ஆட்டோவில் வந்து இறங்கினார் அத்தை.

ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். “வாங்க அத்தை, முதல்ல காபி குடிங்க.” வேண்டாம் என்றார். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. தான் கொடுத்த பச்சைப் புடவை எங்கே வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். முதல் கொடியிலேயே அது கிடைத்தது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், வந்ததுதான் வந்தோம் என்று ஒவ்வொரு கொடியாக நகர ஆரம்பித்தார். நான் பக்கத்திலேயே நடந்து எதையாவது உளறிக்கொண்டிருந்தேன். கடைசிக் கொடியருகே நின்ற அக்கா அசையவே இல்லை. போர்வையைக் கழற்றிச் சுருட்டக்கூடாதா இவள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அக்கா போர்வையின் நடுவில் ஒரு சட்டைப் பையை வெட்டாமல் அப்படியே வைத்துத் தைத்திருந்தாள். பேனா மை ஒழுகிய கறை அதில் இருந்தது. அத்தை அந்தப் பைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

“இது எம்புள்ள சட்டை.”

சுற்றி நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“கத்திரி வச்சிட்டியா? குத்துக்கல்லாட்டம் இருக்கிறவன சாகடிச்சுக் கொடியில தொங்கவிட்டிருக்கியே, நீயெல்லாம் ஒரு பொம்பளயா?”

“இருக்காரா இல்லையான்னே தெரியலையே அத்தை” என்றாள் அக்கா.

“ஏன் தெரியல? போன மாசம்கூட பேசினான்டி எங்கிட்ட!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டார். அக்கா கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அந்த அம்மாளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல ஆத்திரம் வந்தது.

“எங்க பேசினார்?”

“கடைத்தெரு டெலிபோன் பூத்துல. நீ ஸ்கூலுக்குப் போன நேரத்துல.” அத்தையின் குரல் இறங்கிவிட்டது. “அங்க ஒருத்தியோட இருக்கான். திரும்பி வர மாட்டான்.”

அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கயிற்றை விட்டுவிட்டு, வகுப்பில் பிள்ளைகளிடம் கேட்கிற குரலில் கேட்டாள்.

“வெள்ளிக்கிழமை தவறாம, அவருக்காக என் பக்கத்துல முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினீங்களே அத்தை. ஆண்டவர்கிட்ட என்ன கேட்டீங்க?”

அத்தை நாற்காலியைத் தேடினார். நான் நகர்த்திக் கொடுக்கவில்லை.

“உனக்குத் தெரியக்கூடாதுன்னு கேட்டேன்” என்றார். “தெரிஞ்சா நீயும் என்னை விட்டுட்டுப் போயிருவே.”