வேட்பாளர் ஷூவைக் காணோம்

கவுண்டி கமிஷனருக்கு என்ன வேலை என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. சுற்றுவட்டார ஊர்களுக்கெல்லாம் பொதுவான ரோடு, பாலம், பூங்கா இவற்றைக் கவனிக்கிற பதவியாம். அதற்குப் போட்டியிட்ட தமிழ்ப் பெண், தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமை அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டரில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்தார். நாலு பேர் பேசுவதைக் கேட்கவென்றே ஆட்களைக் கூப்பிடுகிறவள் நான். வீடு நிறைந்துவிட்டது.

நம்மவர்கள் வீடாயிற்றே, எல்லோரும் வாசலிலேயே ஷூவைக் கழற்றினார்கள். அவரும்தான். இட்லி, காபி, கேள்வி பதில் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. "ஓட்டு உனக்குத்தாம்மா. அடுத்த காபி மட்டும் எங்க ரோட்டுக் குழிய மூடிட்டு வந்து குடி" என்றார் ஒரு அங்கிள்.

மற்ற எல்லோரும் போனபின் வாசலில் ஒரே ஒரு கறுப்பு ஜோடி கிடந்தது. அது வேட்பாளருடையது இல்லை.

"அக்கா, எனக்குக் குதிகால் வலி. என் ஷூக்குள்ள டாக்டர் செஞ்சு குடுத்த சோல் இருக்கு. அது இல்லாம ஒரு தெரு தாண்ட மாட்டேன்."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் மதியம் முழுக்க வீடு வீடாகக் கதவைத் தட்ட வேண்டும். ஜெயிப்பதும் தோற்பதும் அந்தத் தெருக்களில்தான் என்று சற்றுமுன்தான் சொல்லியிருந்தார். காபி கொடுக்கிறேன் பேர்வழி என்று இவர் தேர்தலையே கெடுத்துவிட்டேனே.

என் வீட்டுக்காரர் கிடந்த ஜோடியைத் திருப்பிப் பார்த்தார். "இது மூணாவது வீட்டு ஆன்ட்டியோடது. பொண்ணைப் பார்க்க சென்னையிலேருந்து வந்திருக்காங்களே, புடவையும் ஷூவுமா வாக்கிங் போவாங்களே, அவங்க."

ஆன்ட்டியின் பெண்ணுக்குப் போன் செய்தேன். அம்மா உங்கள் வீட்டிலிருந்து அப்படியே வாக்கிங் போய்விட்டாள், போன் இங்கே சார்ஜில் கிடக்கிறது என்றாள். வீட்டுக்காரர் காரை எடுத்துக்கொண்டு தேடப் போனார். வேட்பாளர் என் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தார். "எதிர்க்கட்சிக்குக் கூட இந்த யோசனை வரலக்கா" என்று சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

கார் திரும்பியது. முன்சீட்டிலிருந்து ஆன்ட்டி சாவகாசமாக இறங்கினார்.

"ஏம்மா, இது உன்னோடதா? என்னடா இது, இன்னிக்கு முழங்கால் கம்முனு இருக்கேன்னு பார்த்தேன். எனக்கு இந்த ஊர்ல ஓட்டு இல்ல. இருந்திருந்தா இந்த ஷூவுக்கே போட்டிருப்பேன்."

வேட்பாளர் குனிந்து லேஸைக் கட்டினார், இரண்டு காலையும் ஊன்றிப் பார்த்தார், நொண்டாமல் காருக்கு நடந்தார். அவர் கார் தெருமுனையில் திரும்புகிறவரை பார்த்துவிட்டு, ஆறிப்போன என் காபியை நின்றபடியே குடித்து முடித்தேன்.

செவ்வாய்க்கிழமை தேர்தலில் அவர் ஜெயித்தார். மறுநாள் காலை போன் வந்தது. வாழ்த்தக்கூட விடவில்லை.

"அக்கா, அந்த டாக்டர் நம்பர் அனுப்பறேன். ஆன்ட்டிக்கும் ஒரு சோல் செஞ்சிடலாம்."