கடல் தெரியும் வாசல்

எங்கள் மரபில் முதல் பெயர் ஒரு பிரெஞ்சுக்காரருடையது. மொர்வான் என்னும் அந்தக் கப்பல் தச்சர், பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் காலூன்றிய நாட்களில் வந்து, பிறகு அங்கிருந்து விலகி, கடலூர் முதுநகருக்குக் கிழக்கே எங்கள் குப்பத்தில் தங்கினார். புதுச்சேரியில் அவர் இருந்ததற்குத் தேவாலயப் பதிவு உண்டு. குப்பத்தில் வாழ்ந்ததற்குக் குடும்பத்தாரின் சொல்தான் சான்று. மீனவப் பெண்ணொருத்தியை மணந்து, படகு கட்டிப் பிழைத்தாராம். தம் ஊருக்குக் கப்பல் வரும் என்று சாகும்வரை கடலைப் பார்த்த வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

அதனால் ஆடி அமாவாசைதோறும் துரை வீட்டாராகிய நாங்கள் அவருக்குப் படையல் போடுவது கடல் தெரியும் வாசலில்தான். இலையில் சுட்ட மீன், ஒரு குவளை சாராயம், முதுநகர் பேக்கரி ரொட்டி. ரொட்டியை முதலில் பிய்ப்பவர் அந்த வாசலுக்குள் குடியிருப்பவர். தலைமுறை தலைமுறையாக மூத்தவரே கரைவீட்டில் இருந்துவந்ததால், அதை மூத்தவருக்குரிய உரிமை என்றே எல்லோரும் எண்ணியிருந்தோம். என் தாய்மாமன் மகன் குப்பனும் அப்படித்தான் எண்ணியிருந்தார்.

குப்பனின் வாழ்க்கையை எழுதுவதென்றால் அவருடைய தம்பி சிங்காரத்தை விட்டுவிட்டு எழுத முடியாது. சிங்காரத்தின் வலையில் வஞ்சிரம் ஏறிய நாளில் குப்பனுக்குச் சோறு இறங்காது. போதாக்குறைக்குச் சிங்காரத்துக்குப் பூனைக்கண். வெளியூரார் யார் வந்தாலும் அண்ணனைக் கடந்து தம்பியிடம் போய், துரை வம்சமா என்று விசாரிப்பார்கள். தம்பியின் திருமணத்துக்குக் குப்பன் வாங்கிக் கொடுத்த பரிசு ஒரு கறுப்புக் கண்ணாடி. கண்ணுக்குக் குளிர்ச்சி, எப்போதும் போட்டுக்கொள் என்று அறிவுரையும் சொன்னார். சிங்காரம் அதைத் தாலி கட்டும்போது மட்டும் கழற்றினார்.

2004 டிசம்பரில் வந்த அலை கரைவீட்டின் முன்சுவரைக் கொண்டுபோனது. சகோதரர் இருவரும் அப்போது ஒரே குடும்ப அட்டையில் இருந்தார்கள். அதற்கு, கரையிலிருந்து உள்ளே தள்ளிக் கட்டிய குடியிருப்பில் ஒரு கான்கிரீட் வீடு கிடைத்தது. சிங்காரம் அண்ணனிடம் வந்து, "நீ கரைவீட்டுலயே இருண்ணே, நான் அங்க போறேன்" என்றார்.

தம்பி தளம் போட்ட வீட்டில் மின்விசிறிக்குக் கீழே படுப்பதைக் குப்பன் நினைத்துப் பார்த்தார். மறுநாளே தாம் அங்கே குடியேறிவிட்டார்.

அடுத்து வந்த ஆடி அமாவாசைக்கு ரொட்டியோடு கரைவீட்டுக்கு வந்தவரைப் பெரியவர்கள் ஓரமாக உட்காரச் சொன்னார்கள். முன்சுவரை மறுபடி எழுப்பி, வாசலுக்குள் குடியிருப்பவர் சிங்காரம். ஆகவே ரொட்டியைச் சிங்காரம் பிய்த்தார். தமக்கு வந்த துண்டைக் குப்பன் மடியில் முடிந்துகொண்டு எழுந்துபோனார். அவர் அதைத் தின்றதாக யாரும் பார்க்கவில்லை.

2009இல் மொர்வானின் உடன்பிறந்தார் வழியில் வந்த எலேன் என்ற அம்மையார் பிரான்சிலிருந்து வந்தார். படையலைப் பார்த்தார், படம் எடுத்தார். பின்பு சிதம்பரத்தில் என் வீட்டில் தங்கி, நான் சேர்த்துவைத்திருந்த பெயர்களைக் கொண்டு வம்சவரிசையைப் படமாக வரைந்தார். மூன்றாம் நாள் குப்பன் பேருந்து பிடித்து வந்து சேர்ந்தார்.

"என் பேரு மேல இருக்கா மச்சான்?" என்று கேட்டார். இருக்கிறது, மூத்தவர் என்பதால் தம்பிக்கு முன்னால் என்றேன். அவர் தாளைக் கூர்ந்து பார்த்தார். ஒவ்வொரு தலைமுறையிலும் படையல் போட்டவர் பெயரருகே அம்மையார் சிறிய ரொட்டி ஒன்றை வரைந்திருந்தார்.

"இது ஏன் அவன் பக்கத்துல இருக்குது?"

நான் விளக்கினேன். ஆற்றிவைத்த காப்பியைத் தொடாமல் அடுத்த பேருந்தில் கடலூர் திரும்பினார்.

போனவர் ஃபைபர் படகில் தமக்கிருந்த பங்கை விற்றுக் குடியிருப்பு வீட்டின் மேல் ஓர் அறை கட்டினார். ஒரே கதவு, கிழக்கே பார்த்து. மாடியில் நின்றால் கடல் தெரியும் என்று அளந்து பார்த்துத்தான் தொடங்கினார். ஆனால் அலைக்குத் தடுப்பாகக் கரையோரம் நட்டிருந்த சவுக்கு, அறை முடிவதற்குள் அதற்கு மேல் வளர்ந்துவிட்டது. குப்பத்தார் அவரைக் காணும்போதெல்லாம், சவுக்குக்குப் படையல் எப்போது என்று கேட்டார்கள். இரண்டு ஆடி அமாவாசைகள் அப்படியே போயின.

2011 டிசம்பர் இறுதியில் தானே புயல் அடித்தது. கரைவீடு முழுதாகப் போயிற்று. காற்று ஓய்ந்ததும் சிங்காரம் மனைவி மக்களோடு, நனைந்த துணியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார். குப்பன் அப்போது மாடியில் இருந்தார். அங்கிருந்தே கூப்பிட்டார்.

"மேல வந்து பாருடா. கடல் தெரியுது."

சிங்காரம் ஏறிப் போய்ப் பார்த்தார். சவுக்கெல்லாம் படுத்துக் கிடந்தது.

"ஆமாண்ணே," என்றார். "என் வீடு இருந்த எடத்து வழியாத்தான் தெரியுது."

குப்பன் மாடியறையைத் தம்பி குடும்பத்துக்கு ஒழித்துக் கொடுத்தார். அந்தக் காலையில் அவர் செய்தது நல்ல காரியம் என்று ஊரே சொன்னது. 2012 ஆடி நெருங்கும்வரை அவரும் அப்படித்தான் எண்ணியிருந்தார். பிறகுதான் கடல் தெரியும் வாசலுக்குள் இப்போதும் குடியிருப்பவன் தம்பி என்பது அவருக்கு உறைத்தது.

ஒரு வாரம் மாடிப்படியில் ஏறுவதும் பாதியில் இறங்குவதுமாக இருந்தார். எட்டாம் நாள் தம்பியை அழைத்து, குழந்தைகளுக்கு மேலே புழுக்கமாக இருக்கும், எல்லோரும் கீழ்வீட்டில் இருங்கள் என்றார். தாம் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போனார். சிங்காரம் மறுக்கவில்லை. குப்பனின் மனைவி சின்னம்மாள் மறுத்துப் பார்த்தார். பிறகு வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே பின்னால் ஏறினார்.

அமாவாசையன்று மாடிவாசலில் இலை போட்டார்கள். கடல் தெளிவாகத் தெரிந்தது. குப்பன் ரொட்டியைப் பிய்த்து முதல் துண்டை வாயில் போட்டுக்கொண்டார். சிங்காரம் தம் பங்கை வாங்கி, அங்கேயே தின்று, கையைத் துடைத்துக்கொண்டு இறங்கிப்போனார். அறை அடுப்பைப்போல் கொதித்தது. குப்பனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

வந்தவர்கள் போன பின்பு, "கீழ ஃபேன எத்தினில வெச்சிருக்கான்?" என்று மனைவியைக் கேட்டார்.

"எறங்கிப் போயி நீயே பாரு."

அவர் எழுந்திருக்கவில்லை. ரொட்டியை மென்றபடி, தலையைத் தரைப்பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.