மெர்சி ஆன்ட்டி ஏன் கழற்றினார்

மோட்டலின் சாப்பாட்டு அறையில் ரொட்டி வாட்டும் இயந்திரத்தின் முன் நான் நின்றிருந்தபோது அப்பாவின் போன் அடித்தது. அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு போனை மேசையில் கவிழ்த்து வைத்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தார். மெர்சி ஆன்ட்டி இறந்துவிட்டார் என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. முந்தைய நாள் மலைப்பாதையில் வழுக்கி விழுந்தவரை ஹெலிகாப்டர் தூக்கிச் சென்றபோது, பிழைத்துவிடுவார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

சனிக்கிழமை சர்ச்சில் நடக்கும் நினைவுக் கூட்டத்தில் நான் நாலு வரி வாசிக்க வேண்டும் என்று ஆன்ட்டியின் கணவர் செல்வின் அங்கிள் போனில் கேட்டார். கேட்டுவிட்டு, "பாப்பா, நீ கூடத்தானே இருந்த? அவ ஏம்மா அந்த ஸ்பைக்ஸ கழட்டுனா? அப்படிச் செய்யுற ஆளே இல்லையே அவ" என்றார். பனியில் வழுக்காமல் இருக்க ஷூவின் அடியில் மாட்டும் இரும்பு முட்களைத்தான் அவர் சொன்னார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டார்.

நாலு வரி எழுதி அம்மாவிடம் காட்டிவிட்டேன். அதில் மலையே இல்லை. இது வேறு. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு இதை எழுதுகிறேன்.

சர்ச்சில் கூடியிருக்கும் உங்களில் பலரைப் போலவே நானும் ஆன்ட்டியை ஊசியோடுதான் முதலில் பார்த்தேன். நாங்கள் சென்னையிலிருந்து அமெரிக்காவில் இந்த இர்விங் நகரத்துக்கு வந்த புதிது. பள்ளியில் சேர ரத்தப் பரிசோதனை வேண்டும் என்றார்கள். கையை நீட்ட மாட்டேன் என்று அழுதேன். ரத்தம் எடுக்க வந்தவர் திடீரென்று தமிழில், "ஏட்டி, ஊசியப் பாக்காத. என் மூஞ்சியப் பாரு, அது அதவிடப் பயங்கரமா இருக்கும்" என்றார். நான் சிரித்து முடிப்பதற்குள் ரத்தம் எடுத்துவிட்டார். எங்கள் அபார்ட்மென்ட்டில் மாடி வீடு அவருடையது என்பது அன்று மாலை தெரிந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாரையாவது நடக்கக் கூட்டிப்போவார். எப்போதும் கடைசியாகத்தான் வருவார். மெதுவாக நடப்பவர் என்று நினைத்து அப்பா ஒருமுறை கிண்டல் செய்தார். "முன்னால போனா யாரு நின்னுட்டாங்கன்னு எப்படித் தெரியும் அண்ணாச்சி?" என்றார் ஆன்ட்டி.

இந்தக் குளிர்கால விடுமுறையில் எங்களை நியூ மெக்ஸிகோவுக்கு அழைத்துப்போனதும் அவர்தான். செல்வின் அங்கிளுக்கு லீவு கிடைக்கவில்லை. புதுச் செங்கல் நிறத்தில் மலை. அதன் மடிப்புகளில் மட்டும் பனி. வெயில் விழும் பக்கத்தில் ஜாக்கெட்டைக் கழற்றலாம் போலிருந்தது. மலை திரும்பும் இடத்தில் நிழல். அங்கே பாதை முழுவதும் உறைந்து கிடந்தது.

ஸ்பைக்ஸ் வாங்கச் சொல்லி ஆன்ட்டி கிளம்புவதற்கு முன்பே சொல்லியிருந்தார். அம்மாவும் நானும் வாங்கினோம். "ஊட்டில வெறும் செருப்போட சுத்துனவன் நான்" என்றார் அப்பா. வாங்காததோடு, பொங்கலுக்கு ஊருக்கு அனுப்பும் படத்துக்காக ஜீன்ஸுக்கு மேலே வேட்டியையும் கட்டிக்கொண்டார்.

"ஐஸ்ல வேட்டியா? பொண்ணு பாக்கவா போறிய அண்ணாச்சி?"

"ஒரே ஒரு போட்டோ மெர்சி. அந்த வளைவுல நின்னா மொத்த மலையும் பின்னாடி வரும்."

"இங்கனயே எடுப்போம். மலை எங்கயும் ஓடிராது."

அப்பா கேட்கவில்லை. அம்மா வெயிலிலேயே நின்றுவிட்டார். படம் எடுக்க நான் போனேன். என் பின்னால் ஆன்ட்டி வந்தார்.

படம் எடுத்தாயிற்று. திரும்பும்போது வேட்டி ஷூவில் மாட்டி அப்பா விழுந்தார். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு. எழ முயன்று மறுபடி வழுக்கினார். பிறகு எழவே மாட்டேன் என்றார். "என்னால முடியல மெர்சி" என்றபோது அவர் குரல் எனக்கு அடையாளமே தெரியவில்லை.

ஆன்ட்டி தன் ஸ்பைக்ஸைக் கழற்றி, ரப்பரை இழுத்து இழுத்து அப்பாவின் ஷூவில் மாட்டினார். "எந்திரிங்க. பிள்ளை கையப் பிடிச்சுக்கிட்டு முன்னால போங்க. நான் உக்காந்து உக்காந்தே வந்துருதேன்" என்றார். வெயிலுக்கு வந்ததும் திரும்பிப் பார்த்தேன். ஐஸில் உட்கார்ந்து, குழந்தை போல நகர்ந்து வந்துகொண்டிருந்தார். "என்னட்டி பாக்க? போ" என்று கையசைத்தார். மறுபடி நான் திரும்பியபோது பாதையில் யாரும் இல்லை.

ஹெலிகாப்டர் போன பிறகு, காருக்கு வந்ததும் அப்பா ஸ்பைக்ஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இப்போது எங்கள் அபார்ட்மென்ட்டில், "மெடிக்கல் லைன்ல இருந்துட்டு இவ்ளோ கேர்லெஸ்ஸா?" என்று பேசுகிறார்கள். அப்பா அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். "க்ரீன் கார்டு ப்ராசஸ்ல இருக்குடி. போலீஸ் வந்து கேள்வி கேட்டா என்ன பண்ணுவ? வாயத் திறக்காத" என்கிறார் அம்மா. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அப்பாவும் சரியாகச் சாப்பிடுவதில்லை. ஆன்ட்டியின் வீட்டைக் கடக்க வேண்டுமே என்று மாடிப் பக்கமே போவதில்லை.

செல்வின் அங்கிள், உங்கள் மனைவி கவனக்குறைவாக இருக்கவில்லை. என் அப்பா வீடு திரும்ப வேண்டும் என்று கழற்றினார்.

பயந்துபோய் உட்கார்ந்துவிட்டவரை அப்படியே விட்டுவிட்டு வரக் கூடாது. ஆன்ட்டியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இது ஒன்றுதான். இப்போது அப்படி உட்கார்ந்திருப்பது என் அப்பா. அதனால் இதை முதலில் அவரிடம்தான் கொடுக்கப்போகிறேன். சனிக்கிழமை அவரே எழுந்து சொன்னால், நான் பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்துக்கொள்வேன். அவரால் முடியாவிட்டால், நான் வாசிப்பேன்.